வல்லூர் வரைக்கும்

சைக்கிள் சம்சாத்துடையதல்ல.
அக்கா மகளுக்குப் பள்ளியில் கொடுத்தது,
அரசாங்க நீலம், முன்னால் கூடை.
கூடையில் தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் வேர்க்கடலை.
ஓட்டக் கற்று இருபத்துமூன்று நாள் ஆகிறது அவளுக்கு.
பிரேக்கை நம்புவதில்லை,
செருப்பைத்தான் நம்புகிறாள்.

கொருக்குப்பேட்டையில் கால்வாய்க் கரை ஏறும்போது
இன்னும் விடியவில்லை.
தண்ணீர் இருப்பதை மூக்குதான் முதலில் சொன்னது.
குடங்கள் வரிசையில் நின்றன,
குடத்துக்காரர்கள் உள்ளே தூங்கினார்கள்.
ஒரு நாய் மட்டும்
எர்ணாவூர் எல்லை வரை கூடவே ஓடிவந்து
அங்கிருந்த நாய்களிடம்
எங்களை ஒப்படைத்துவிட்டுத் திரும்பியது.

இருநூறு மீட்டரில் இடதுபக்கம் திரும்பச் சொன்னது போன்.
இடதுபக்கம் கண்டெய்னர் லாரிகள்,
சக்கரத்தடியில் குந்திப் பல் தேய்க்கும் டிரைவர்கள்.
நேராகப் போனோம்.
வழி இல்லை என்றது குரல்.
"அதான் ஆறு இருக்கே" என்றாள் சம்சாத்.
பத்தாவதில் தமிழில் மட்டும் தேறியவள்.
ஆறு என்றாலும் வழிதான் என்று
எப்போதோ படித்ததை
இன்னும் வைத்திருக்கிறாள்.

எண்ணூர் முகத்துவாரம்.
மார்பளவு நீரில் ஐந்து பெண்கள்,
பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு
சேற்றில் இறால் தடவுகிறார்கள்.
பின்னால் புகைபோக்கிகள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை,
கண் விரலில் இருக்கிறது.
சம்சாத் குனிந்து
சுட்டுவிரலை நனைத்து
நாக்கில் வைத்துவிட்டாள்.

கத்திவிட்டேன்.
மணலியில் லேப் வேலை எனக்கு.
பாட்டில் பாட்டிலாக இந்தத் தண்ணீர்
என் மேசைக்கு வரும், எண்ணாகப் போகும்.
"உப்பு" என்றாள் அவள்.
"அப்பால, கொஞ்சம் மண்ணெண்ணெய்."

சடையங்குப்பம் தாண்டினால்
மின்கோபுரங்கள்
வேட்டியை மடித்துக் கட்டிய ஆட்களைப்போல
முழங்கால் நீரில் நிற்கின்றன.
ஒன்றின் உச்சியில் கூழைக்கடா,
இறங்கலாமா வேண்டாமா என்று.

இடையஞ்சாவடியில் பஞ்சர்.
கடைக்காரர் பெயர் யோனா, சட்டையில்லை.
டியூபை அலுமினியச் சட்டியில் அமுக்கிக்கொண்டே
"எந்த டிபார்ட்மென்டு?" என்றார்.
சும்மாதான் என்றோம்.
"சர்வேயா?"
சும்மா.
"வெள்ளம் எதனா சொல்லியிருக்கானா?"
சும்மாண்ணா, ஆத்தோரமா போறோம்.
குமிழி வந்த இடத்தில் விரலை வைத்தபடி
கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார்.
கொடி நட வருவார்கள், படம் பிடிக்க வருவார்கள்,
சும்மா வந்து யாரும்
இந்தக் கரையில் நின்றதில்லை போல.
"அப்ப வல்லூர் அணைக்கட்டு வரைக்கும் போங்க.
அங்கதான் முடியும்."
எது?
"உப்பு."

நாப்பாளையம் பாலத்தடியில் இரண்டாம் விரல்:
"எங்க மாமியார் வைக்கிற ரசம் அளவு."
அதற்கப்புறம் கரை ஒடுங்கிவிட்டது.
இறங்கித் தள்ளினோம்.
ஒரு பக்கம் நாற்று,
ஒரு பக்கம் ஆகாயத்தாமரை,
எருமை முதுகில் ஒரு கொக்கு.
சக்கரம் சுற்றும் சத்தம் மட்டும்.
தண்ணீரே வாசனையில்லாமல் இருந்தது,
நான்தான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அணைக்கட்டு
ஒரு நீளமான படி, அவ்வளவுதான்.
டிரவுசர் பையன்கள் மேலிருந்து குதிக்கிறார்கள்.
கீழ்ப்பக்கம் கடல் வந்து முட்டித் திரும்புகிறது.
சம்சாத் மேல்பக்கம் போனாள்.
வைத்தாள்.
ரொம்ப நேரம் வார்த்தை வரவில்லை.
"ஒண்ணுமில்லடி" என்றாள்,
"ஒண்ணுமே இல்ல."
சிரிப்பு அடங்கவில்லை அவளுக்கு.
நானும் விரலை நனைத்தேன்.
என்ன எழுதுவது இதற்கு,
எந்தக் கட்டத்தில்?

மீஞ்சூரில் ரயில். வெண்டார் பெட்டி.
காலி மீன்கூடைகளுக்கு நடுவே சைக்கிள்களைச் சாய்த்தோம்.
அவள் உள்ளங்கையில் நான்கு கொப்புளம்.
கடலைத்தோலுக்குள் ஏதோ நகர்ந்தது,
நகம் அளவு நண்டு,
எங்கே ஏறியது என்று தெரியவில்லை.

அத்திப்பட்டு போய்விட்டது, புதுநகரும்.
அவள் கையை மூடிக்கொண்டு
வாசற்கம்பியைப் பிடித்து நிற்கிறாள்
பாலம் வரட்டும் என்று.