பின்னணிக் குரல் இல்லாமல்

சமத்யாவில், ரயில் பாதையை ஒட்டிய திறந்தவெளிக் கொட்டகையில்
முப்பத்தொரு படம் பார்த்தேன்.
ஃபெரிதுன் நாயகன், மெஹ்பாரே நாயகி.
எல்லாவற்றிலும் காதலித்தார்கள்,
சிலவற்றில் கல்யாணம்வரை போனார்கள்,
நான்கில் அவளுக்குப் பார்வை போய்
கடைசி ரீலில் திரும்ப வந்தது.

என் காதுகளை ஆறு வயதுக் காய்ச்சல் கொண்டுபோனது.
போகிற போக்கில்
வாய்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது.

அந்நாளில் இஸ்தான்புல்லில்
படத்தை ஊமையாகத்தான் பிடிப்பார்கள்.
குரல் பிறகு;
எங்கோ ஓர் இருட்டறையில் வேறு யாரோ பேசி ஒட்டுவார்கள்.
உதடு அசைந்தால் போதும்.
என்ன பேசினாலும் கேட்பாரில்லை,
என்னைத் தவிர.

முதல் படம். படகுத்துறை.
அவள் கையைப் பற்றித் தன் முகத்தருகே கொண்டுபோகிறான்.
சூரியகாந்தி விதை கொறிக்கும் வாய்களெல்லாம் நின்றுவிட்டன.
"வெங்காய வாடை" என்கிறான்.
"ரொட்டியும் வெங்காயமும்தான் தந்தார்கள், வேறென்ன செய்ய?"
அக்கா நெர்மின் என் உள்ளங்கையில் விரலால் எழுதுகிறாள்:
நீ இல்லாமல் நான் இல்லை என்கிறான்.
சிரித்துவிட்டேன்.
முன்வரிசை ஆள் திரும்பி முறைத்தார்.

அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.
எனக்கென்று தனியாக ஒரு படம் ஓடுகிறது,
அதற்கும் சேர்த்து ஒரே டிக்கெட்;
இதை எதற்கு ஊருக்குச் சொல்ல?

அப்படித்தான் தெரியும் எனக்கு,
தயாரிப்பாளர் பாக்கி வைத்தது,
அவள் தம்பி ராணுவத்துக்குப் போனது,
அவனுடைய முழங்கால்.
நிலா வெளிச்சத்தில் மண்டியிட்டு
"சீக்கிரம் முடி, வலி உயிர் போகிறது" என்றான்.
பின்னால் இருந்தவள் தேம்பியது
நாற்காலி வழியாக எனக்கு அதிர்ந்தது.

சந்தையில் அவனைக் கண்டவர்கள்
"உன் மெஹ்பாரே எங்கே?" என்பார்களாம்.
பக்கத்திலேயே மனைவி
கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பாளாம்.
பத்திரிகையில் போட்டிருந்தார்கள், வேடிக்கை என்று.

பன்னிரண்டாம் படத்தில் ஏதோ சண்டை.
மல்லிகைப் பந்தலின் கீழ்
அவன் "ஒன்று, இரண்டு, மூன்று" என்றான்.
அவள் கண் நிறைய நீரோடு
"நான்கு, ஐந்து" என்றாள்.
வெறும் எண்கள்.
என் கையிலோ கவிதையாக எழுதித் தள்ளுகிறாள் அக்கா.
மருத்துவமனைக் காட்சிவரை எண்ணிக்கொண்டே போனார்கள்.
நாற்பத்தாறு என்றவன்
சட்டென்று நிறுத்தினான்.
"அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?"
அவள் பதில் சொல்லுமுன் காட்சி வெட்டப்பட்டது.

பிறகு இருபத்தேழாவது.
ப-வும் ம-வும் உதட்டில் ஒரே பூட்டு, தெரியுமா?
"பணம் வேண்டாமா?" என்று கேட்டாளா
"மணம் வேண்டாமா?" என்று கேட்டாளா,
ஏழு இரவு போய்ப் பார்த்தும் பிடிபடவில்லை.
"இப்போது வேண்டாம்" என்றான் அவன்.
பாவி, இரண்டுக்கும் பொருந்துகிற பதில்.

முப்பத்தொன்று.
அதுதான் கடைசி என்று யாருக்கும் தெரியாது,
அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.
ரயில் நிலையம், நீராவி, அவள் கையில் பெட்டி.
அவன் கேமராவுக்கு முதுகு காட்டி நின்றான்.

அத்தனை வருடத்தில் முதல்முறையாக
எனக்குக் காது கேட்கவில்லை.

கோட்டின் தோள் தையல் மட்டும்
ஏறியது, இறங்கியது.
நிறையப் பேசினான்.
என்னை மறந்துவிடு என்கிறான், எழுதினாள் அக்கா.
உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.
அவள் முகத்தை மட்டும் பார்த்தேன்.
வெகுநேரம் அசையாமல் இருந்த உதடுகள்
மெல்லத் திறந்தன.

சரி, போய் வா என்கிறாள்
என்று எழுதியிருப்பாள் அக்கா.

"நாற்பத்தேழு" என்றாள்.