ஊசி மணி

மாட்டுத்தாவணிக்குப் பின்னால், டயர் கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில் எங்கள் எஃப்.எம்.
ராத்திரி பதினொன்றிலிருந்து ஆறு வரை
பேசுகிறவளும் நான், எழுதுகிறவளும் நான்.
பேசுவதற்குச் சம்பளம் உண்டு.
எழுதுவது உரிமைக்காரர்களுக்காக.
பாட்டு, படம் இருந்தால் படம்,
இசை, எழுத்து, குரல், கம்பெனி,
நிமிடம், வினாடி.

ஊசி மணி என்று பெயர் இந்தக் கணக்குக்கு.
இசைத்தட்டின் மேல் ஊசி ஓடிய நேரமாம்.
தட்டு போயிற்று, ஊசி போயிற்று,
இரண்டும் நான் பிறக்கும் முன்பே.
கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மும்பையிலிருந்து வந்த கட்டணப் பட்டியலில்
நள்ளிரவு முதல் ஆறு மணி வரை கால் பங்கு.
'கேட்போர் அருகிய நேரம்' என்று காரணம்.
மேனேஜர் வேலாயுதபெருமாள் இரண்டு தடவை வாசித்துவிட்டு
காசு கூடின பாட்டையெல்லாம் ராத்திரிக்குத் தள்ளு என்றார்.
தள்ளினேன்.

கேட்போர் அருகிய நேரம் இரண்டரைக்கு
நிலக்கோட்டை வண்டி பூச்சந்தைக்குள் நுழையும்.
நாற்பது கடையில் நாற்பது ரேடியோ,
எல்லாவற்றிலும் நான்.
மூன்று மணிக்கு மல்லிகை கிலோ எண்ணூறு,
மூன்றேகாலுக்கு ஆயிரத்து நூறு.
விடிந்தால் முகூர்த்தம் என்றால்
நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள்.
பூ உச்சத்துக்குப் போகிற அதே நேரம்
பாட்டுக்கு அடிமாட்டு விலை.
பட்டியல் போட்டவர் இந்த ஊரில்
ஒரு ராத்திரி தங்கிப் பார்த்திருக்கலாம்.
தங்கியிருந்தாலும் தூங்கியிருப்பார்.

சோணைமுத்து வந்தது ஒரு புதன்கிழமை.
அவனியாபுரத்துக்காரர். கேசட் காலத்தில்
பதினோரு பாட்டுக்கு மெட்டுப் போட்டவர்.
ஒன்று மட்டும் இன்னும் ஓடுகிறது.
சங்கத்திலிருந்து வருஷத்துக்கு ஒருதரம் பணம் வருமாம்.
இந்த வருஷம் நூற்றெழுபத்திரண்டு ரூபாய்.
குறை சொல்ல வரவில்லை அவர்,
ஒரு சந்தேகம்:

'ஏம்மா, எடுப்புல முப்பது வினாடி தவில் வரும்ல,
அது மேல நீங்க பேசுறீங்க.
மணி என்ன, வெக்கை எத்தனை டிகிரி,
செல்லூர் கிரிஜாவுக்குப் பொறந்தநாள்.
அந்த முப்பது வினாடி
யாரு கணக்குல போகும்?'

பட்டியலைப் புரட்டினேன்.
பேச்சுக்குக் கீழே ஓடும் இசை பற்றி ஒரு வரி இருந்தது.
அது ஏழாம் பத்தியைப் பார்க்கச் சொன்னது.
ஏழாம் பத்தி அந்த வரியைப் பார்க்கச் சொன்னது.

பழைய தாள்களை அவரே இழுத்து வாசித்தார்.
போன மாதம் சோனமுத்து.
அதற்கு முந்தி சொனைமுத்து.
ஒரு தாளில், என் கையெழுத்தில்தான்,
இசை: மரபு.

'மரபா?' சிரித்துவிட்டார்.
'மரபுக்கு பேங்க்ல அக்கவுண்ட் இருக்கா?'

பேனாவை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க
ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.
மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரிந்தது.
டீ வேண்டாம் என்றார். கடைசி பஸ் போய்விடுமாம்.

அன்றைக்கு ராத்திரி மூன்று பத்துக்கு அந்தப் பாட்டு.
மைக்கைத் தொடவில்லை.
முப்பது வினாடி தவில் தனியாக வந்தது.
இருநூறு தடவையாவது போட்டிருப்பேன்,
கேட்டது அன்றைக்குத்தான்.
பதினெட்டாம் வினாடியில் ஒரு இருமல் இருக்கிறது அதில்,
யாரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமியது.
தவில் அதற்காக நிற்கவில்லை.
கொஞ்சம் விலகிப் போய் வந்து சேர்ந்துகொண்டது.

சீட்டைப் பார்த்துப் பெயரை எழுதினேன்.
நிமிடம் மூன்று, வினாடி நாற்பத்திரண்டு, முழுசாக.
இருமலுக்குக் கட்டம் இல்லை.

போன் அடித்தது. பூச்சந்தை, பன்னிரண்டாம் நம்பர் கடை.
'என்ன தங்கச்சி, சத்தத்தையே காணோம்?
மணி சொல்லாம விட்டுட்டீங்க,
இங்க ஏலம் நிக்குது.'

மூன்று பதினாலு என்றேன்.