இருபத்து மூன்றாவது நிமிடம்

கேமரா திறந்திருந்தால்தான் வருகைப்பதிவு,
வகுப்புகள் அனைத்தும் பதிவேற்றப்பட வேண்டும்
என்றது சுற்றறிக்கை.
திறந்தார்கள்.
நாற்பத்தொரு கட்டங்களில்
பீரோ, சுருட்டிய பாய், கொடித்துணி,
யாரோ காய்ச்சலில் படுத்திருக்கும் கட்டில்.
பார்க்காதவள் போல
வகைக்கெழுச் சமன்பாட்டுக்குத் திரும்பினேன்.

மூன்றாம் வாரம்
செல்லூரிலிருந்து ஒரு மைக் திறந்துகொண்டது.
"திங்கக்கிழமை திங்கக்கிழமைன்னு
எத்தன திங்கக்கிழமைம்மா போச்சு?"
வாசலில் ஓர் ஆண்குரல்.
அதற்கு அவளுடைய அம்மா
அக்கம்பக்கம் கேட்காதபடி தாழ்த்திச் சொன்னது
மேலூர் வரைக்கும், உசிலம்பட்டி வரைக்கும் கேட்டது.
ஒச்சம்மாள் திரையில்
தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மேல்மூலையில் சிவப்புப் புள்ளி.

அன்றிரவு அந்த இரண்டு நிமிடத்தை வெட்டினேன்.
எங்கே தொடங்குகிறது என்று தேட
மறுபடி கேட்க வேண்டியிருந்தது.
அதுவும் ஒட்டுக்கேட்டதுதான்.

"நடுவுல ரெண்டு நிமிஷத்தக் காணோமே?"
துறைத்தலைவர் கேட்டார்.
"கரண்ட் போயிருச்சு சார்."
மதுரையில் அதற்கு மறுகேள்வி கிடையாது.

இப்போது கருப்புக் கட்டங்களோடு பேசுகிறேன்,
சில நாள் சுவரோடு பேசுவது போலத்தான் இருக்கிறது.
சிவப்புப் புள்ளி என் முகத்துக்கும் பலகைக்கும் மட்டும்.
வருகைக்கு
கடைசிக் கணக்கின் விடையை எனக்கு மட்டும் அனுப்பினால் போதும்.
சுற்றறிக்கை இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.

பதினொன்று ஐம்பதுக்கு விடைகள் வந்து விழுகின்றன.
ஒச்சம்மாளுக்குக் குறி தப்பு.
மைனஸ் வரணும்மா, என்று எழுதுகிறேன்.
வாசலில் இன்று யார் நிற்கிறார்களோ, தெரியாது.
கொஞ்சம் கழித்து வருகிறது:
'மூணாவது வரியிலயே விட்டுட்டேன் மேம்.'