பாதி விலை, பன்னிரண்டு மணி வரை

லாபிஸ் பட்டணத்தில் இரவு பத்தேகால்.
மழை விட்டு, கரண்டு வந்து,
நகல் கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கியபோது
அதற்கடியில் குனிந்து நுழைந்தார் தேவசகாயம்,
செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்.
கையில் நாலாய் மடித்த சம்மன்.
வேகமாகப் போனதற்கு.
'பாதி விலை இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு வரைக்குந்தான், தங்கச்சி.
விடிஞ்சா முந்நூறு.'

முகவரியை அடித்தேன்.
பக்கம் வரவில்லை.
ஒரு சிவப்பு முக்கோணம் வந்து
பாதுகாப்பு இல்லை என்றது.
யாருக்கு என்று சொல்லவில்லை.

மறுபடி ஏற்றினேன்.
மோடத்தைப் பிடுங்கி, முப்பது எண்ணி, சொருகினேன்.
அவரும் கூடவே எண்ணினார், மலாயில்.
உலாவியின் பழைய தடங்களை அழித்தேன்.
யார் யாரோ அடித்த பெயர்கள்,
ஒரு பிள்ளை பாதியில் விட்ட விண்ணப்பம்,
எல்லாம் போயின. முக்கோணம் போகவில்லை.
வேறு உலாவியில் திறந்தேன்.
அங்கே முக்கோணம் மஞ்சள். அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கைப்பேசி சோங் கடையில் ரிப்பேருக்குக் கிடக்கிறது.
அவருடையது பட்டன் போன்.
பக்கத்தில் நாசி லெமாக் மேசையை மடித்துக்கொண்டிருந்த
ரோஸ்னா அக்காவைக் கூப்பிட்டேன்.
அவர் திரையில் அதே பக்கம்
வாடிக்கைக்காரரைக் கண்டதுபோல் திறந்தது.
'போலே' என்றார், காட்டினார்,
மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

ஆக, தளம் உயிரோடு இருக்கிறது.
நோவு நம்ம வீட்டில்தான்.

பதினொன்று.
தேவசகாயம் ஸ்டூலில் உட்காரவில்லை.
சம்மனை விரித்து, மடித்து, விரித்து,
மடிப்பில் வண்டி எண் கிழியத் தொடங்கியது.

அப்போதுதான் கண்ணில் பட்டது,
முக்கோணத்துக்கு அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி:
உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது.

முதல் தடவையே சொல்லியிருக்கிறது.
பத்து வருஷமாக ஊருக்கே படிவம் வாசித்துச் சொல்பவள்
அதை வாசிக்கவில்லை.

திரையின் மூலையில் தேதி:
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.

தோட்ட ஆபீசை மூடியபோது ஏலத்தில் எடுத்த பெட்டி இது.
உள்ளே இருபது காசு அளவில் ஒரு பேட்டரி,
கரண்டு போனாலும் நேரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.
அது செத்திருக்கிறது.
மழையில் விளக்கு அணைந்த நிமிஷம்
கணினி தான் பிறந்த வருஷத்துக்கு ஓடிவிட்டது.
அங்கிருந்து பார்த்தால், அந்தத் தளத்தின் சான்றிதழ்
இன்னும் எழுதப்படவே இல்லை.
எழுதாத காகிதத்தை எது நம்பும்?

'ரெண்டாயிரத்து ஒம்போதா?' எட்டிப் பார்த்தார்.
'அப்ப எங்கிட்ட லைசென்ஸே இல்ல.
குலை வெட்டிக்கிட்டிருந்தேன். ஒரு சம்மன் இல்ல.'
கொஞ்சநேரம் அந்தத் தேதியையே பார்த்தார்,
விட்டால் அங்கேயே இறங்கிக்கொள்வார் போல.

தேதியைக் கையால் திருத்தினேன்.
திறந்தது.
அட்டை எண்ணில் நாலு இலக்கம் அடித்திருப்பேன்,
கரண்டு ஒருதரம் கண் சிமிட்டியது.
மறுபடி ஜனவரி ஒன்று.

பதினொன்று முப்பத்தெட்டு.
அவர் பேசாமல் மைவி சாவியைப் பல்லில் வைத்து நெம்பினார்.
உள்ளே அதே வட்டம், அதே எண்.
'இது ஆவுமா?'

பெட்டியைத் திறந்தேன். தூசி, ஒரு பல்லி முட்டை.
அவர் டார்ச் பிடிக்க, பழையதை நகத்தால் எடுத்துப்
புதியதை அமுக்கினேன்.
இந்த வருஷம், இந்த மாதம், இந்த ராத்திரி
என்று அதற்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன்.
வங்கி எண் பட்டன் போனுக்கு வந்தது.
உரக்க வாசித்தார். ஓர் இலக்கம் தப்பு.
திரும்ப வாசித்தார்.

பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு ரசீது,
கையில் வாங்கும்போது இன்னும் சூடாக.
அச்சுக்கு ஐம்பது காசு.
பேட்டரிக்கு நான் அவருக்கு மூன்று ரிங்கிட்,
சோங் கடை திறந்ததும்.

வெளியே காரைப் பார்த்துச் சாவியை அழுத்தினார்.
ஒன்றும் கூவவில்லை.
பழக்கத்தில் இன்னொரு தரம் அழுத்தினார்.
பிறகு இருட்டில் துளையைத் தடவிச் சாவியை விட்டுத் திருகினார்.

'தங்கச்சி, மெதுவாத்தான் போறேன்!'