எடைச்சீட்டு

ரிப்னிக்கில், பழைய இரும்புக் கடை எடைமேடைக்குப் பக்கத்தில்
கண்ணாடி போட்ட ஒரு கூண்டு.
உள்ளே இருப்பவள் நான்.
அக்டோபரிலிருந்து என் கையால் செத்த கரிக் கொதிகலன்கள்
முந்நூற்று நாற்பத்தொன்று.

சாகடிப்பது சுலபம்.
வண்டியோடு ஒரு எடை, வெறும் வண்டி ஒரு எடை,
கழித்தால் பிணம்.
மேலே சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி.
பிறகு படிவம்:
'முழுமையாக ஒப்படைக்கப்பட்டது. இனி எரியாது.'
முத்திரை.

இந்தத் தாள் இல்லாவிட்டால் வெப்பப் பம்புக்கு
அரசாங்கம் சல்லிக்காசு தராது.
புதியது வந்ததற்கு ரசீது போதும்.
பழையது போனதற்குத்தான் சாட்சி கேட்கிறார்கள்.

அலோய்சி குச்செரா வந்தது வெள்ளிக்கிழமை,
கடை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது.
இழுவை வண்டியில் மல்லாந்து கிடந்தது அவருடையது,
வாயைத் திறந்துகொண்டு.
திறந்துகொண்டு என்பது தப்பு.
கதவே இல்லை.

'கதவு?'
'அது எடையில் வராது.'
'எல்லாம் எடையில் வரும்.'
தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.
காரின் முன் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு
ஒரு பயணியைப் போல உட்கார்ந்திருந்தது கதவு.

கெர்த்ரூடாவின் நிபந்தனையாம்.
வெளிச்சுவரை ஒட்டி நிற்கிற அந்த வெள்ளைப் பெட்டி,
மின்விசிறியைச் சுற்றிக்கொண்டு
பனியிலிருந்து சூட்டைப் பிழிகிறேன் என்கிற அந்தப் பெட்டி,
ஒரு தையாவது தாண்டிக் காட்டட்டும்;
அதுவரை கதவையாவது கைவிடாதே என்றாளாம்.

'கதவை மட்டும் வைத்துக்கொண்டு எதை எரிப்பது?'
'அதை நீங்களே அவளிடம் கேளுங்கள்' என்றார்.

நான் கதவைப் பார்த்தேன்.
வார்ப்பில் ஒரு சிறிய சம்மட்டி, கீழே ஓர் எண்.
என் வீட்டு நிலவறையில் இருப்பதும்
அதே ஆலை, அதே சம்மட்டி.

ஊருக்குத்தான் உபதேசம்.
என் வீடு மூன்று பேர் பெயரில்.
தோர்ட்முண்டில் இருக்கும் அண்ணன் ரூஃபின்
கையெழுத்தை மட்டும் அனுப்ப மாட்டான்.
மானிய மனு இரண்டு முறை போய்
இரண்டு முறை திரும்பியது.
நானோ இலையுதிரில் உடைந்த கீலைக் கம்பியால் கட்டி,
ஈரத்துணியால் இடுக்கை அடைத்து,
காலை ஐந்து மணிக்குக் கரி அள்ளுகிறேன்.
கொடியில் காயும் தலையணை உறை
மத்தியானத்துக்குள் சாம்பல் நிறம்.
மகள் இருமுவதை வைத்தே
அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன்.

நான் கேட்டேனா, அவர் கொடுத்தாரா,
பேச்சே இல்லாமல் கை மாறியதா,
மூன்று பேரிடம் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறேன்.
'வீட்டில் என்ன சொல்வீர்கள்?' என்று கேட்டது மட்டும் நிஜம்.
'எடையில் போய்விட்டது என்பேன்.
அரசாங்கத்தைத் திட்டுவாள்.
என்னை விட்டுவிடுவாள்.'

இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று எழுதினேன்.
குறைபாடு என்ற கட்டத்தில்: இல்லை.
முத்திரை அன்று கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் வந்தார்.
மானியப் பணம் இன்னும் வரவில்லை.
மின்கட்டணம் வந்துவிட்டது.
அதைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து
எனக்குப் படித்துக் காட்டினார்,
நான்தான் மின்வாரியம் என்பதைப் போல.
'வீடு சூடாக இருக்கிறதா?'
'இருக்கிறது.'
அதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனசே இல்லை.
'சன்னல் விளிம்பில் துடைக்க ஒன்றும் இல்லை.
கெர்த்ரூடா பழக்கத்தில் துடைக்கிறாள்.
துணியைப் பார்க்கிறாள்.
மறுபடி துடைக்கிறாள்.'

கதவைப் பற்றி அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
காகிதத்தில் முழுசாகச் செத்த ஒன்றின்
பத்தொன்பது கிலோ
இரவு முழுக்க என் நிலவறையில்
சிவந்துகொண்டிருக்கிறது என்று.

நன்றாகச் சாத்துகிறது.
சமையலறைக்குள் இப்போது புகை வருவதில்லை.
எல்லாம் புகைபோக்கி வழியாக
ஒழுங்காக வெளியே போய்விடுகிறது,
குச்செராவின் தெருப்பக்கம்.