தட்டு

திருச்செங்கோடு, சங்ககிரி ரோட்டு மண்டபம்.
வரவேற்பு ஏழு மணிக்கு என்று பத்திரிகையில் போட்டிருந்தது.
ஒன்பதே காலுக்கு என் பேரைக் கூப்பிட்டார்கள்.
எனக்குக் கேட்கவில்லை.
பதினாலு வருசம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்ற காது.
பக்கத்து நாற்காலிக்காரர் விலாவில் இடித்தார்.

எனக்கு முன்னால் பேசியவர்
ரிக் ஓனர்கள் சங்கத்துப் பொருளாளர்.
நிலமும் நீரும் போல, கொடியும் கொம்பும் போல,
பூவும் நாரும் போல என்று
பதினெட்டு நிமிசம் போலப் போலவே போனார்.
பந்திக்கு ஆட்கள் எழ ஆரம்பித்ததும் நிறுத்தினார்.

சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது,
டீச்சர் வேலை பார்க்கும் மச்சினி எழுதிக் கொடுத்தது.
வேர்வையில் மை கலங்கி
"அவையோர்" மட்டும் மிச்சம்.

மைக்கைப் பிடித்து வணக்கம் என்றேன்.
முன்வரிசைக் குழந்தை வீறிட்டது.
எங்களுக்கு மெதுவாகப் பேச வராது.
இரைச்சலுக்கு மேல் "ராடு போடு" என்று
கத்திப் பழகிய தொண்டை.
மைக்செட் பையன் ஓடிவந்து
மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போனான்.
அது இல்லாமலே சரியாக இருந்தது.

"இரியூருப் பக்கமுங்க, கர்நாடகா.
மூணு வருசத்துக்கு முந்தி, மாசி மாசம்.
நாப்பத்தஞ்சு ராடு எறக்கியாச்சு. தொள்ளாயிரம் அடி.
புழுதிதான் வருது."

கூட்டம் நிமிர்ந்தது.
இந்த ஊருக்கு இந்தக் கதை தெரியும்.
மாப்பிள்ளை இன்னொரு ராடு போடச் சொல்வான்,
தண்ணி பீச்சி அடிக்கும், தோட்டக்காரர் அழுவார்.

"இன்னொண்ணு போட்டமுங்க.
அதுலயும் புழுதி. நிறுத்திட்டோம்.
காசா? வாங்கிட்டானுங்க. எண்ணி வாங்கினான்.
ஒரு நூறு ரூவா கிழிஞ்சிருந்துச்சு,
அதையும் மாத்திக் கேட்டான்."

சிரித்திருப்பார்கள். பற்கள் தெரிந்தன.
மேடையில் செங்கோட்டுவேல் மாலைக்குள் முகத்தை இறக்கினான்.
பெண்வீட்டுப் பெரியப்பா
நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார்.

"ராவோட ராவா பதினோரு கிலோமீட்டரு வந்துட்டோம்.
திடீர்னு பிரேக்க மிதிச்சான்.
'டேய் காளியண்ணா, குழிக்கு மூடி போட்டியா?'
மூடி தீந்துபோச்சு, கல்லு எடுத்து வச்சேன்னேன்.
'கல்ல ஒரு புள்ள நவுத்தாதா?'ன்னான்.
அந்த ஊட்டுல ஒரு பொடுசு இருந்துச்சுங்க,
நாள் பூரா எங்க ராடை எண்ணிக்கிட்டே சுத்துச்சு.
அத்தாச்சோட்டு வண்டிய அந்த இட்டேறில
திருப்பவே ஒரு மணி நேரம்.

போனா, மூடிக்கு எங்க போறது?
தன்ற சோத்துத் தட்டை எடுத்தான்.
எவர்சில்வரு, அவங்கம்மா பேரு வெட்டினது.
நாலு ஓட்டை போட்டு, கம்பி குடுத்து,
கேசிங் பைப்போட இறுக்கிக் கட்டினான்.
அப்பறம் இருவது நாளு
என்ற தட்டுலதானுங்க தின்னான்.

அம்மணி,
தண்ணி வருமான்னு நான் சொல்ல மாட்டேன்.
தொறந்த குழிய உட்டுட்டு இவன் வர மாட்டான்.
அவ்வளவுதானுங்க."

கைகள் ஆடுவதைப் பார்த்துத்தான்
தட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.
தொண்டை காய்ந்திருந்தது.
தாம்பூலப் பைக்குள் இருந்த கால் லிட்டர் பாட்டிலைத் திருகித்
தூக்கினேன், குடிக்கத்தான்.
முன்வரிசை வேறு மாதிரி நினைத்துக்கொண்டது.
பொருளாளர் தன் பாட்டிலைத் தூக்கினார்.
பெரியப்பா தூக்கினார்.
வீறிட்ட குழந்தையின் பால்புட்டியை
யாரோ தூக்கிப் பிடித்தார்கள்.
மண்டபம் நிறைய தண்ணீர், தலைக்கு மேல்.
குடிப்பதா, கையை இறக்குவதா
தெரியாமல் நின்றேன்.

போட்டோவுக்கு நிற்க வைத்தார்கள்.
பொன்மலர் என் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டாள்.
கேட்கவில்லை.
மருதாணிக் கையைக் குவித்து
என் காதருகே வந்து மறுபடி கேட்டாள்:
"அந்த இருவது நாளும்
தட்டு கழுவினது யாருங்ணா?"

செங்கோட்டுவேல் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"நாந்தான் அம்மணி" என்றேன்,
மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.
பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட
திரும்பிப் பார்த்தார்.