அது இன்னும் அங்கே உள்ளதா?

பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது
ஐஸ் பெட்டி.
உள்ளே நாற்பத்திரண்டு பேரின் ரத்தம்,
ஊதா மூடி, சிவப்பு மூடி, இரண்டு சாம்பல்.
மஞ்சக்குப்பத்தில் சாயங்காலம் ஆறுக்கு ஏற்றினால்
ஆறு ஐம்பதுக்கு முருங்கப்பாக்கம் லேபில் கையெழுத்து.
பிந்தினால் தனவேந்தன் சார் சம்பளத்தில் பிடிப்பார்.
முந்தினால் பிடிக்க
வழியெல்லாம் ஆள் நிற்கிறது.

முதலில் ஒரு கறுப்புப் பெட்டி வாங்கினேன்.
ரேடாரை மோப்பம் பிடிக்கும் என்றான் விற்ற இருதயராஜ்.
பிடித்தது.
நகைக்கடையில் தானே திறக்கும் கதவைப் பார்த்துக் குரைத்தது.
கன்னியக்கோயிலில் எவனோ ரிவர்ஸ் எடுத்த
புதுக் காரைப் பார்த்துக் குரைத்தது.
பெண்ணையாற்றுப் பாலம் இறங்கும் இடத்தில்
புங்கமரத்து நிழலில் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிக்கொண்டு
எஸ்.ஐ. நின்றபோது மட்டும்
வாலைச் சுருட்டிப் படுத்துவிட்டது.
எழுபத்தொன்பது என்றார். ரசீது தந்தார்.
குனிந்து பெட்டியைப் பார்த்து
"ரேடியோவா?" என்றார்.
"ஆமாம் சார். பாடாது."

பிறகு போனில் அந்தப் பெண் வந்தாள்.
ஊர்ப்பெயர்களை முறுக்கு மாதிரி உடைப்பாள்:
கிரு. மாம்பா. கம்.
ஆனால் போலீஸ் விஷயத்தில் பொய் சொன்னதில்லை.
முகம் தெரியாத யார் யாரோ
நீலத் தொப்பி ஒன்றை ரோட்டில் குத்திவிட்டுப் போயிருப்பார்கள்.
முள்ளோடை தாண்டினால் தொப்பி சிவப்பு,
அது அவளுக்குத் தெரியாது.
எதிரே வரும் லாரிக்காரர் விளக்கை இருமுறை சிமிட்டுவாரே,
அதே தருமம்தான்.
தொப்பிக்கு முன்னூறு மீட்டர் முன்னால் நான் ஐம்பது.
கடந்ததும் தொண்ணூறு.
இரண்டு வருஷம், ஒரு ரசீது இல்லை.
என்னைப் போல் ஒழுங்கானவன் இந்த ரோட்டில் கிடையாது.

ஐப்பசியில் ஒரு வியாழன்.
அவள் வாயைத் திறக்கவில்லை, ரோடு சுத்தம் என்று அர்த்தம்.
கிருமாம்பாக்கம் தாண்டி மதகுத் திருப்பத்தில்
சைக்கிள். கேரியரில் தண்ணி கேன்.
என் இடப்பக்கக் கண்ணாடி கேனைத் தொட்டது.
பையனைத் தொடவில்லை.
இடையில் எவ்வளவு இருந்தது என்று
இன்னமும் விரலை விரித்து விரித்துப் பார்க்கிறேன்.

கேன் வெடித்து ரோடெல்லாம் தண்ணீர்.
அவன் எழுந்து டவுசரைத் தட்டினான்.
பன்னிரண்டு வயசு இருக்கும்.
"கேனு நூத்தம்பது ரூபா" என்றான்.
இருநூறு கொடுத்தேன். சில்லறை இல்லை என்றான்.
அதற்கு மேல் எனக்கும் அவனுக்கும் பேச ஒன்றுமில்லை.
ஆறு ஐம்பத்தொன்றுக்குக் கையெழுத்துப் போட்டேன்.
கையெழுத்து என்னுடையது மாதிரி இல்லையே என்றாள்
லேபில் வாங்கிக்கொண்ட செண்பகவல்லி.

மறுநாள் அந்த மதகில் வண்டியை ஓரங்கட்டி
நானே ஒரு தொப்பியைக் குத்தினேன்.
போலீஸ் யாரும் இல்லை. தவளைகள் இருந்தன.
கொஞ்ச நேரத்தில் தானே அழிந்துவிடுமாம்.
அதனால் தினமும் குத்தினேன், விபூதி பூசுவது போல,
ஞாயிறு தவிர.

நேற்று குத்தப் போகிறேன்,
ஏற்கெனவே இருக்கிறது.
என்னுடையதில்லை. நாலு நிமிஷத்துக்கு முன்னால் யாரோ.
ஐம்பதுக்கு இறங்கினேன். நாற்பது.
சிவப்புத் தொப்பியைத் தேடினேன்:
மதகு, எருக்கஞ்செடி, சுவரில் கிழிந்த காதணி விழா போஸ்டர்.
பின்னால் வந்த பஸ்
ஹாரனிலேயே என் அம்மாவை விசாரித்தது.
அவள் கேட்டாள், எப்போதும் போல அஃறிணையில்:
அது இன்னும் அங்கே உள்ளதா?
பெட்டிக்குள் குழாய்கள் ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொண்டன.

ஆம் என்று அழுத்திவிட்டு
தவளக்குப்பம் வரைக்கும் நாற்பதிலேயே போனேன்.
அதற்கப்புறம்
லேட்.